பாதுகாப்பு வாரத்துப் படகு

அவருக்கு ஆலையில் ‘ஹெல்மெட்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை; முதுகுக்குப் பின்னால் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

தரை டைல்ஸ் செய்யும் ஆலை அது. இருபத்திரண்டு வருடமாக அங்கே அவர் பாதுகாப்பு அதிகாரி. ஏணியை எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்பதில் ஆரம்பித்து ஈரத் தரையில் எப்படி நடப்பது என்பது வரை இருநூற்றுப் பதினாலு பக்கத்துக்கு ஒரு கையேடு எழுதியிருந்தார். ஆலையில் அது நன்றாகவே பயன்பட்டது. ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தார்கள்; ஆறிப்போகாமல் இருக்க டீ டம்ளரை அதை வைத்து மூடினார்கள். முழுசாகப் படித்த ஒரே ஜீவன் அவர் மனைவிதான். அதுவும் பாசத்தால் இல்லை. அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள், கையேடு அச்சுக்குப் போனது அங்கேதான். எழுபத்தாறு பிழை கண்டுபிடித்தாள். அந்த விஷயத்தைப் பற்றி வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஓர் ஆசை வந்தது. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் மழைத்தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரி ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையோரம் நடக்கப் போனவர், யாரோ ஒருவர் அங்கே ரிமோட் வைத்துப் பெட்ரோல் படகு விடுவதைப் பார்த்தார். மூன்றரை அடி நீளப் படகு, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது. திரும்பும்போது பின்னால் ஆளுயரத்துக்குத் தண்ணீர் விசிறியாக எழுந்தது. அரைமணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இரண்டு வாரம் கழித்து வீட்டு வாசலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது.

கொழுந்தியாளுக்கு அன்று சாயங்காலமே தகவல் எட்டிவிட்டது.

“அக்கா, அத்தான் கப்பல் வாங்கிட்டாராமே?”

“கப்பல் இல்லடி, படகு. மூணரை அடி.”

“ஏறி உட்கார முடியாதா?”

“முடியாது.”

“அப்புறம் எதுக்கு?”

“அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்,” என்றாள் அவள்.

பெட்டிக்குள் படகின் கூடு தனி, எஞ்சின் தனி, தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கை தனி, சுக்கானைத் திருப்பவும் எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கவும் தீப்பெட்டி அளவில் இரண்டு சின்ன மோட்டார் தனி. கூடவே நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு செய்முறைப் புத்தகம். அதை அவர் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். கையேடு எழுதுகிறவர்கள் இன்னொருத்தர் எழுதின கையேட்டைப் படிப்பது கொஞ்சம் கௌரவக் குறைச்சல். மனைவிக்கு அந்தச் சங்கடம் இல்லை. எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும், மருந்துச் சீட்டானாலும் சரி, சோப்பு உறையானாலும் சரி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிற சுபாவம் அவளுக்கு. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து இரண்டே நாளில் முடித்துவிட்டாள்.

அவரோ தனக்கென்று ஒரு பட்டியல் தயார் செய்தார். அறுபத்தோரு வேலை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கட்டம், செய்து முடித்ததும் அதில் டிக்.

“இந்த வரிசை அவங்க வரிசை இல்லையே,” என்றாள் மனைவி, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

“அவங்க வரிசையில விஞ்ஞானம் இல்ல.”

“சிக்னல் அறுந்துபோனா எஞ்சின் தானா அடங்கணும்னு ஒரு ஏற்பாடு இருக்குல்ல? அது அவங்க புத்தகத்துல பதினாலாவதா வருது. நீங்க ஒண்ணாவதா போட்டிருக்கீங்க.”

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக ஆலையின் ஒவ்வொரு சுவரிலும் அவர் எழுதி மாட்டிய வாசகம் இரண்டே சொல்தான். “பாதுகாப்புதான் முதல்ல,” என்றார். “பதினாலாவதா இல்ல.”

அச்சகத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதியவர் ஒன்றைப் பிடிவாதமாகச் சொன்னால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். அவர் பட்டியலின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கேள்விக்குறி விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஆக, முதல் நாளே அந்த ஏற்பாட்டைச் செய்தார். எஞ்சின் இன்னும் பெட்டியில் இருந்தது. சின்ன மோட்டார் மட்டும் மேசை மேல். ரிமோட்டில் விசையை ‘மெதுவாக’ என்ற இடத்தில் வைத்து, சிக்னல் போனால் இந்த இடத்துக்கு வந்துவிடு என்று சொல்லிக்கொடுத்தார். ரிமோட்டை அணைத்துப் பார்த்தார். மோட்டாரின் கை சொன்ன இடத்துக்குப் போய்ச் சமர்த்தாக நின்றது. மனம் குளிர்ந்து டிக் போட்டார்.

பிறகு நான்கு மாதம் ஆயிற்று. கவனக்குறைவு என்று யாரும் ஒரு விரல் நீட்டிவிட முடியாது. படகு கவிழ்ந்தாலும் மிதக்க வேண்டும் என்று கூட்டுக்குள் மூலைமூலையாக நுரைப்பஞ்சு அடைத்தார். இறக்கையைச் சுழற்றும் கம்பிக்கு கிரீஸ் பூசினார். ஒவ்வொரு திருகுக்கும் கழன்றுவிடாமல் இருக்கப் பசை வைத்தார். பெட்ரோலையும் ஆயிலையும் இருபத்தைந்துக்கு ஒன்று என்று அளவுக் குவளையில் ஊற்றி மொட்டை மாடியில்தான் கலந்தார். எஞ்சினை ஒருநாளும் அறைக்குள் ஓட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் சரி. நடுவில் எஞ்சினோடு சின்ன மோட்டாரை இணைத்தபோது மட்டும் ஒரு சிறு விஷயம். கூட்டச் சொன்னால் குறைந்தது, குறைக்கச் சொன்னால் கூடியது. தலைகீழ். ரிமோட்டில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது; திசையை மாற்றினார், சரியாகிவிட்டது. ஒன்றாவது வேலையைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதற்குத்தான் நான்கு மாதத்துக்கு முன்பே டிக் விழுந்துவிட்டதே.

படகு தயாரான சமயத்தில் பாதுகாப்பு வாரமும் வந்தது. வருஷா வருஷம் அவர் சொற்பொழிவு ஆற்றுவார், ஆலை முழுக்க உட்கார்ந்தபடியே தூங்கும். மேலாளரே போன வருஷம் முன்வரிசையில் குறட்டை விட்டவர்.

“இந்தத் தடவையாவது யாரும் தூங்காத மாதிரி ஏதாவது பண்ணுங்க,” என்றார் மேலாளர்.

“ஒரு இயந்திரத்தை எப்படிப் பாதுகாப்பா கையாள்றதுன்னு செஞ்சே காட்டிடறேன் சார். நம்ம தீயணைப்புக் குளத்துல.”

“ஆபத்து எதுவும்...”

“சார்,” என்றார் அவர். அந்த ஒரு சொல்லில் இருபத்திரண்டு வருட மனத்தாங்கலும் இருந்தது.

தீயணைப்புக்காக ஆலைக்குப் பின்னால் வெட்டிய குளம், பாதிக் கால்பந்து மைதானம் இருக்கும். நான்கு பக்கமும் சரிவான சிமெண்டுக் கரை. கரையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி மஞ்சள் நாடா கட்டினார். அதற்குப் பின்னால் நாற்காலிகள். தீயணைப்பான் மூன்று, முதலுதவிப் பெட்டி இரண்டு. படகு விடுகிறார்கள் என்று தெரிந்ததும் இரவு ஷிப்ட் முடித்தவர்கள்கூட வீட்டுக்குப் போகவில்லை. குடும்பத்தையும் அழைக்கலாம் என்பதால் மனைவியும் வந்திருந்தாள். அவள் பக்கத்தில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற அக்கா உட்கார்ந்திருந்தாள். ஆலையில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். பத்து டன் இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய குரல்.

கண்ணாடி, கையுறை, தலைக்கவசம், மிதவைச் சட்டை என்று சகலமும் மாட்டிக்கொண்டு அவர் வந்து நின்றபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. படகைத் தண்ணீரில் விட்டார். குளத்தை நாலு சுற்று சுற்றி வந்தது பாருங்கள், விசில் பறந்தது. இத்தனை பேர் இமைக்காமல் தன்னைப் பார்ப்பது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை. கல்யாணத்தன்றுகூட எல்லாரும் சாப்பாட்டுப் பந்தியில்தான் இருந்தார்கள்.

படகை நடுக்குளத்தில் மெதுவாக ஊர விட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். ரிமோட் கெட்டுப்போச்சு, பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு வெச்சுக்குங்க. படகு என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. தானா அடங்கிடும். இதோ, அணைக்கிறேன்.”

அணைத்தார். அத்தோடு விடவில்லை. நிறுத்திய இயந்திரத்தை வேறு யாரும் ஓட்டிவிடாதபடி பூட்ட வேண்டும் என்பது அவரே கொண்டுவந்த விதி. ரிமோட்டின் பேட்டரியை உருவினார். சிவப்பு இரும்புப் பெட்டியில் வைத்தார். பூட்டினார். சாவியை முறைப்படி மேலாளர் கையில் கொடுத்தார். இதையெல்லாம் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்தார். பின்னால் எஞ்சின் சத்தம் ஏறியது. கூட்டம் ‘ஓ’ என்றது. நாற்காலிகள் விலகின, எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் கைகூப்பினார். எழுந்து நின்று பாராட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

“சார், திரும்பிப் பாருங்க!” என்று கத்தினாள் ஃபோர்க்லிஃப்ட் அக்கா.

படகு முழு வேகத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வட்டமும் முந்தினதைவிடப் பெரிசு.

“சாவி!” என்றார் அவர். மேலாளரைக் காணோம். சாவியோடு மேலாளர் ஆலைக் கட்டடத்தை நோக்கி, அந்த வயதுக்குப் பாராட்டத்தக்க வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

“எல்லாரும் பின்னால போங்க! கொதிகலன் சுவர் வரைக்கும்! நாற்காலியை விடு, நீ போ!” அக்கா குரல் கொடுத்த மாத்திரத்தில் கூட்டம் பிசகாமல் நகர்ந்தது. படகு நாலாவது வட்டத்தில் சிமெண்டுச் சரிவில் ஏறி, அந்தரத்தில் எழும்பி, புல்லில் விழுந்து, மஞ்சள் நாடாவை அறுத்துக்கொண்டு வந்து முன்வரிசை நாற்காலி ஒன்றின் கால்களுக்கு நடுவில் மூக்கை நுழைத்து நின்றது. மேலாளர் உட்கார்ந்திருந்த நாற்காலி. தண்ணீர் இல்லாத இடத்தில் எஞ்சின் காது கிழிய அலறியது. இறக்கை காற்றை அரைத்துக்கொண்டிருந்தது.

அவர் அசையவில்லை. இருநூற்றுப் பதினாலு பக்கமும் மனசுக்குள் ஒவ்வொன்றாகப் புரண்டது. இதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை. மனைவிதான் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தாள். அவசரப்படவில்லை. இறக்கை இருக்கிற பக்கம் போகாமல் சுற்றி, படகின் மூக்குப் பக்கமாக வந்து குனிந்தாள். எஞ்சின் மேலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கி, சத்தம் முழுசாக அடங்கும் வரை விரலை எடுக்காமல் நின்றாள்.

“அவங்க புத்தகத்துல பன்னெண்டாம் பக்கம்,” என்றாள் அவரிடம்.

பிறகு கைதட்டல் இடித்தது. “செம டெமோ சார்!” “நிஜம் மாதிரியே இருந்துச்சு!” என்று ஆளாளுக்கு வந்து கையைக் குலுக்கினார்கள். பாதிப்பேர் இதெல்லாம் திட்டமிட்ட காட்சி என்றே நம்பிவிட்டார்கள். ஹெல்மெட் செய்கிற காரியம் ஒன்று தப்பாகப் போகும் என்று அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மேலாளர் முழங்காலில் சிராய்ப்போடு திரும்பி வந்தார். ஓடும்போது படியில் தடுக்கியிருக்கிறது. விசாரித்து, கூட்டத்தின் கருத்தைத் தெரிந்துகொண்டு, அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கேளுங்க. நல்லதாப் போச்சு. திட்டம் போட்டுத்தான் செஞ்சோம்னு எழுதிடுங்க. அவசர நேரத்துல ஜனங்க எப்படி நகரணும்னு ஒரு ஒத்திகை. உங்களுக்கும் நல்ல பேர், ஆலைக்கும் விபத்துக் கணக்கு ஏறாது.”

“உங்க முழங்கால் சார்?”

“அது வீட்டுல பட்டது,” என்றார் மேலாளர், பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே.

அன்று சாயங்காலம் படகைப் பின்னறை மேசையில் ஏற்றி, பெட்ரோலை வடித்துவிட்டு, எஞ்சினை ஓட்டாமல், சின்ன மோட்டார் இருக்கும் இடத்தின் மூடியைத் திறந்து பார்த்தார். மேலாளரிடம் சாவி வாங்கி மீட்ட பேட்டரியைப் பொருத்தி, ரிமோட்டைப் போட்டார். விசையைக் குறைத்தார், மோட்டாரின் கை குறைக்கும் பக்கம் போனது. ரிமோட்டை அணைத்தார். கை ‘டக்’கென்று திரும்பி, எஞ்சினின் வாயை முழுசாகத் திறந்துவிட்டு நின்றது. ஐந்தாறு தடவை செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அது விசுவாசமாக அதையே செய்தது. நான்கு மாதத்துக்கு முன் அவர் காட்டிக்கொடுத்த அதே இடம்தான். அப்போது அந்த இடத்துக்கு ‘மெதுவாக’ என்று பேர். திசையை மாற்றிய அன்றைக்கு அதுவே ‘முழு வேகம்’ ஆகிவிட்டது. அதை யாரும் மோட்டாரிடம் சொல்லவில்லை.

மனைவி காபியோடு வந்து நின்றாள்.

“முதல்ல செஞ்சதுதான் தப்பு,” என்றார்.

“செஞ்சது தப்பில்ல. திரும்பப் பார்க்காததுதான்.”

“நீ அன்னிக்கே சொன்ன.”

“கேள்விக்குறிதான் போட்டேன். அடிச்சுச் சொல்லியிருக்கணும். பன்னெண்டு பேருக்காவது அடிபட்டிருக்கும், அந்த அக்கா மட்டும் இல்லேன்னா.”

அவர் காபியை ஓரமாக நகர்த்திவிட்டு, மேலாளர் கேட்ட அறிக்கைக்குத் தாளை எடுத்து வைத்தார். கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. அதை விட்டுக்கொடுப்பது லேசான காரியமில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு அந்த ஒரு நாள்தான் அவருக்குக் கிடைத்தது. ஒரு வரி பொய் எழுதினால் அது அவருடையதாகவே இருந்துவிடும். பேனாவை எடுத்து ‘திட்டமிட்ட ஒத்திகை’ என்று எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். மறுபடி அடித்தார். கடைசியில் ஒரே பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினார். செய்தது யார், எதைச் செய்யவில்லை, மனைவி எச்சரித்தும் எப்படிக் கேட்கவில்லை, ஆட்களை நகர்த்தியது யார், படகை நிறுத்தியது யார். மேலாளரின் முழங்காலைக்கூட விடவில்லை. மனைவி சிவப்புப் பேனாவோடு படித்தாள். முதல் தடவையாகப் பேனாவைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

காலையில் அதை உணவுக்கூடத்துச் சுவரில் ஒட்டினார். ஆலையின் வாசலில் விபத்தில்லா நாட்களைக் காட்டும் பலகை ஒன்று உண்டு. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. அதைத் தன் கையாலேயே அழித்துப் பூஜ்யம் போட்டார். ஏணியைச் சரியான கோணத்தில் சாய்த்துத்தான் ஏறினார்.

சிரித்தார்கள். இரண்டு நாள் ஆலை முழுக்கச் சிரிப்பு. மூன்றாம் நாள் ஃபோர்க்லிஃப்ட் அக்கா அவர் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஒரு தாளை நீட்டினாள்.

“சார், என் வண்டி பிரேக்கு ஆறு வாரமா சரியில்ல. ஓட்டத் தெரியாம கெடுத்துட்டேன்னு சொல்லிடுவாங்களோன்னு வாயைத் திறக்கல. நீங்களே உங்க பேரைப் போட்டு ஒட்டிட்டீங்க. அப்புறம் எனக்கு என்ன?”

அறைக்கு வெளியே இருந்த புகார்ப் பெட்டியில் இருபத்திரண்டு வருடத்தில் மிட்டாய்த் தாளும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்தான் விழுந்திருந்தன. அந்த வாரம் பதினோரு சீட்டு விழுந்தது. சூளைப் பக்கத்துக் கதவு ஒன்று உள்ளிருந்து திறக்காது என்று ஒன்று. அரைக்கும் இயந்திரத்தின் மூடியைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறோம் என்று ஒன்று. ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்தார். அத்தனையும் உண்மை. ஒவ்வொன்றும் ஓர் ஆளை விழுங்கக்கூடியது.

மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சிறந்த பாதுகாப்புக்கான கேடயம் இந்த வருடம் இந்த ஆலைக்குக் கிடையாது. அவர் பொறுப்பேற்றதிலிருந்து ஓர் அபாயம்கூடப் பதிவாகாத ஆலையில் ஒரே மாதத்தில் பதினோரு அபாயங்கள் தோன்றியிருப்பது கவலை தருகிறது. அதிகாரி விளக்கம் அளிக்கவும். மேலாளர் அதைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டி, “நான் அன்னிக்கே சொன்னேன்,” என்றார். விளக்கம் எழுத அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. சூளைக் கதவைச் சரி செய்ய ஒரு நாள்தான் பிடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் படகைத் தூக்கிக்கொண்டு குவாரி ஏரிக்குப் போனார்கள். படகைத் தாங்கியில் வைத்து, எஞ்சினை ஓட்டாமல், மனைவி ரிமோட்டை அணைத்துப் பார்த்தாள். மோட்டாரின் கை, அவர் புதிதாகச் சொல்லிக்கொடுத்த இடத்துக்கு வந்து அடங்கியது. போட்டாள், அணைத்தாள், மறுபடி பார்த்தாள். நூறு தப்படி நடந்து போய் அங்கிருந்தும் பார்த்தாள். பிறகு அவர் கயிற்றை இழுத்தார்; பக்கவாட்டுக் குழாயில் குளிர்விக்கும் தண்ணீர் பீச்சி வருகிறதா என்று பார்த்துவிட்டு, படகை விட்டார்.

“நான் ஒரு ரவுண்டு பார்க்கட்டுமா?” என்றாள்.

கொடுத்தார். திரும்பி வாங்க முடியவில்லை. ஒரு ரவுண்டு என்றவள் பதினைந்து நிமிஷம் ஏரியைக் கலக்கினாள். நெற்றி முடி பறக்க, பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அவளை, வேறு யார் மனைவியையோ பார்ப்பது போல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நட்டநடு ஏரியில் எஞ்சின் இருமி, நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். சைக்கிளில் போன ஒருத்தர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், ரிப்பேரா?”

“பெட்ரோல் இல்ல.”

“கிட்டதானே இருக்கு, நீந்திப் போய் எடுத்துட்டு வந்துடலாமே?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குவாரித் தண்ணீர் அடியில் எவ்வளவு குளிர்ச்சி, கரை எவ்வளவு செங்குத்து, இப்படிப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று குறைந்தது முக்கால் மணி நேரத்துக்கு அவரிடம் விஷயம் இருந்தது. மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

“வேணாங்க,” என்றாள் மனைவி அந்த ஆளிடம். “காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குது. தானா வந்துடும்.”

“அப்படியா?” என்று சைக்கிள்காரர் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மூன்று பேருமாக, தண்ணீரில் அசையாமல் நிற்கிற படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று.